தூண்டில் முள்ளில் மாட்டும் சின்ன மீனுக்கு எதற்கு இத்தனை சட்டம்?

அமெரிக்காவின் வடபகுதியிலோ கனடாவின் தென்பகுதியிலோ ஏரிக்கரை ஊர் ஒன்றுக்குப் போனால், பெட்ரோல் பங்குக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது இரைக் கடையாகத்தான் இருக்கும். உள்ளே மண்புழு டப்பாக்கள், அட்டைப் பூச்சிகள், காற்றுக் குழாய் குமிழிவிடும் தொட்டிகள். தொட்டிகளில் விரல் நீளச் சின்ன மீன்கள் ஆயிரக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். தூண்டில்காரர் வாளியை நீட்டுவார், கடைக்காரர் கைவலையால் அள்ளிப் போடுவார். விலை டஜன் கணக்கில். பைக், பாஸ், வால்ஐ போன்ற வேட்டை மீன்கள் முள்ளில் துடிக்கும் உயிர் மீனைக் கண்டால் சும்மா போகாது. ஏரி உறைந்த பிறகு பனிக்கட்டியில் துளை போட்டு உட்காருகிறவர்களுக்கு இந்த உயிர் இரை இன்னும் முக்கியம். குளிரில் மந்தமாகக் கிடக்கும் மீனை வேறு எதைக் காட்டியும் அசைக்க முடியாது என்பார்கள்.

இந்தச் சின்ன வியாபாரத்தைச் சுற்றிக் கடந்த இருபது ஆண்டுகளில் சான்றிதழ், ரசீது, பரிசோதனை, எல்லைத் தடை என்று சட்டங்கள் அடுக்கடுக்காக வந்துவிட்டன. கடைக்காரர்களும் பண்ணைக்காரர்களும் புலம்புகிறார்கள். மீன்வளத் துறைகளோ இன்னும் போதாது என்கின்றன. இரண்டு பக்கமும் என்னதான் சொல்கிறது என்பதைப் புதிதாகக் கேள்விப்படுகிறவருக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரைமீன் இரண்டு வழிகளில் கடைக்கு வருகிறது. ஒன்று பண்ணை மீன். ஆர்கன்சா மாநிலத்தின் லோனோக் பகுதி இதற்குப் பேர்போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே குளம் வெட்டிச் சின்ன மீன் வளர்க்கத் தொடங்கினார்கள். இன்று அமெரிக்கா முழுக்க விற்கும் பண்ணை இரைமீனில் பெரும்பகுதி அந்த மாநிலத்திலிருந்துதான் கிளம்புகிறது. கோல்டன் ஷைனர், ஃபேட்ஹெட் மின்னோ இரண்டும்தான் முக்கிய இனங்கள். தொட்டி கட்டிய லாரிகளில் ஆக்சிஜன் ஊதிக்கொண்டே பல மாநிலங்களைத் தாண்டிப் போகும். மற்றொன்று ஏரியிலும் ஓடையிலும் வலைபோட்டும் பொறிவைத்தும் பிடிக்கும் காட்டு மீன். ஈரி ஏரியிலும் நயாகரா ஆற்றிலும் பிடிக்கும் எமரால்டு ஷைனர் இந்த வகை. பண்ணை மீன் எங்கே பிறந்தது, யாரோடு நீந்தியது என்று சொல்லிவிடலாம். காட்டு மீனுக்கு அப்படிச் சொல்ல முடியாது. பின்னால் வரும் தகராறுகளில் பாதிக்கு மேல் இந்த வித்தியாசத்தை மறந்ததால் வந்தவை என்பது என் எண்ணம்.

வாளியில் என்ன ஆபத்து?

நாள் முழுக்கத் தூண்டில் போட்ட பிறகு வாளியில் பத்துப் பதினைந்து மீன் மிச்சம் இருக்கும். கொல்ல மனம் வராது. வீட்டுக்குக் கொண்டுபோயும் பயனில்லை. ‘பிழைத்துப் போகட்டும்’ என்று ஏரியில் கொட்டிவிடுவார்கள். நல்ல மனசுதான், ஆனால் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. அந்த மீன் அந்த ஏரிக்கு உரியது இல்லாமல் இருக்கலாம். அதன் உடலுக்குள் நோய் இருக்கலாம். மீன் சரியாக இருந்தாலும் வாளித் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகள் இருக்கலாம்.

ஓரெகான் மாநிலத்தின் டைமண்ட் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரௌட் மீனுக்குப் பெயர்போன மலை ஏரி. டூயி சப் என்ற சின்ன மீன் அங்கே இயற்கையாக இருந்ததில்லை. யாரோ உயிர் இரையாகக் கொண்டுவந்ததில்தான் அது உள்ளே நுழைந்திருக்க வேண்டும் என்பது மீன்வளத் துறையினரின் முடிவு. பல்கிப் பெருகி ட்ரௌட்டின் உணவை எல்லாம் தின்று தீர்த்தது. 1954-இல் ரோட்டனோன் என்ற நஞ்சை ஏரி முழுக்கக் கலந்து மீன்களை ஒட்டுமொத்தமாகக் கொன்றுவிட்டு, ட்ரௌட்டை மறுபடி விட்டார்கள். அப்பாடா என்று சில பத்தாண்டுகள் போயின. 1992-இல் டூயி சப் மறுபடி தலைகாட்டியது. இந்த முறை அது பாசியைத் தின்னும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளைத் தின்று தீர்த்ததில் நச்சுப் பாசி மண்டி, மனிதர்கள் இறங்கிக் குளிக்கவே தடைபோட வேண்டியதாயிற்று. 2006-இல் ஏரி மட்டத்தை இறக்கி, மறுபடி ரோட்டனோன். செலவு பல மில்லியன் டாலர்.

இதில் கவனிக்க வேண்டியது, ஓரெகானில் நன்னீர் நிலைகளில் உயிர் மீனை இரையாக வைப்பதே குற்றம். தடை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு டைமண்ட் ஏரியை விட நல்ல சாட்சி வேண்டாம். ஒரே ஒரு வாளி போதும் என்பதற்கும் அதுவேதான் சாட்சி.

வியாபாரமே நேரடியாகப் பரப்பிய கதையும் உண்டு. ஐரோப்பாவைச் சேர்ந்த ரட் என்ற மீனை அமெரிக்கப் பண்ணைகள் சில இரைக்காக வளர்த்து விற்றன. திடமான மீன், வாளியில் சீக்கிரம் சாகாது. அதனாலேயே நன்றாக விற்றது, அதனாலேயே பல மாநில நீர்நிலைகளில் குடியேறியும் விட்டது. இன்னொரு பயம் வெள்ளிக் கெண்டையைப் பற்றியது. மிசிசிப்பி ஆற்று வழியில் பெருகி, படகுச் சத்தம் கேட்டால் தண்ணீரை விட்டுத் துள்ளிக் குதிக்குமே, அந்த மீன்தான். அதன் குஞ்சுகள் பார்ப்பதற்குச் சாதாரண ஷேட் குஞ்சுகள் போலவே இருக்கும். அவசரமாக வலையில் அள்ளுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

2006-இல் நடந்தது

இத்தனை ஆண்டுகள் முணுமுணுப்பாக இருந்த விஷயத்தைப் பெரும் சண்டையாக மாற்றியது ஒரு வைரஸ். மீன்களுக்கு உடலெங்கும் ரத்தக் கசிவை உண்டாக்கும் இந்த நோயை ஆங்கில முதலெழுத்துகளை வைத்து விஎச்எஸ் என்பார்கள். மனிதர்களுக்கு இதனால் எந்தத் தீங்கும் இல்லை. ஐரோப்பாவில் ட்ரௌட் பண்ணைகளை வெகுகாலமாக வாட்டிவந்த நோய் இது. அமெரிக்காவின் பசிபிக் கரையில் 1988-இல் சால்மன் மீன்களில் கண்டார்கள். ஆனால் அமெரிக்க-கனடா எல்லைப் பகுதியில் உள்ள ஈரி, ஒன்டாரியோ முதலான பேரேரிகளில் அது வரை யாரும் பார்த்ததில்லை. 2005-இல் ஒன்டாரியோ ஏரியின் குயின்டி விரிகுடாவில் டிரம் மீன்கள் கூட்டமாகச் செத்து ஒதுங்கின. விஎச்எஸ் என்று தெரிந்ததும், உறைபெட்டியில் இருந்த பழைய மாதிரிகளைத் தேடிப் பார்த்தார்கள். 2003-இல் செயின்ட் கிளேர் ஏரியில் பிடித்த மஸ்கி மீனிலேயே வைரஸ் இருந்திருக்கிறது. 2006 வசந்தத்தில் ஈரி ஏரியில் டிரம்மும் மஞ்சள் பெர்ச்சும் கொத்துக் கொத்தாகச் செத்து மிதந்தன. குளிர் நீரில்தான் இந்த வைரஸுக்கு வீரியம். தண்ணீர் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சாவு குறைந்துவிடும்.

உலக விலங்குநல அமைப்பின் பட்டியலில் உள்ள நோய் இது. ஒரு நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டால் அந்த நாட்டின் மீன் ஏற்றுமதிக்கே கேள்வி வந்துவிடும். அதனால் அமெரிக்க வேளாண் துறை யோசித்துக்கொண்டு உட்காரவில்லை. 2006 அக்டோபர் 24 அன்று அவசர ஆணை ஒன்றைப் போட்டது. பேரேரிகளைச் சுற்றியுள்ள எட்டு மாநிலங்களிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட இன மீன்கள் உயிரோடு மாநில எல்லை தாண்டக் கூடாது, கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களிலிருந்தும் உள்ளே வரக் கூடாது. முன்னறிவிப்பு இல்லை, கருத்துக் கேட்பு இல்லை. லாரியில் மீன் ஏற்றிவைத்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கூச்சல் கிளம்பியதும் நவம்பர் நடுவில் ஆணையைத் திருத்தி, பரிசோதனையில் தேறிய மீன் போகலாம் என்று தளர்த்தினார்கள்.

ஆணையின் ஒரு வினோதம் உடனே கண்ணில் படும். ஈரி ஏரிக்கரையில் பிடித்த மீன் அதே மாநிலத்துக்குள் முந்நூறு மைல் தள்ளியுள்ள ஓர் உள்நாட்டு ஏரிக்குப் போவதை மத்திய ஆணை தடுக்கவில்லை. ஆனால் ஒரே ஏரியின் கரையில் பக்கத்து ஊருக்குப் போனாலும், நடுவே மாநில எல்லை இருந்தால் தடை. மத்திய அரசின் அதிகாரம் மாநிலங்களுக்கு இடையே நடக்கும் வணிகத்தின் மேல்தான், மாநிலத்துக்குள் நடப்பதன் மேல் இல்லை. அரசியல் சட்டப்படி அது சரி, மீனுக்குத்தான் எல்லைக்கோடு தெரியாது. மாநிலத்துக்குள் நடப்பதை அந்தந்த மாநிலங்கள் தனித்தனிச் சட்டம் போட்டு அடைக்க வேண்டியிருந்தது. 2007-இல் விஸ்கான்சினின் வின்னபேகோ ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலைகளிலும் வைரஸ் தென்பட்டதும், அந்தச் சட்டங்கள் மளமளவென்று வந்தன.

அறுபது மீன் கணக்கு

எதிர்ப்பின் நடுப்புள்ளி பரிசோதனைதான். அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். நோய்க்கு அது ஒத்துவராது, ஏனென்றால் எல்லாச் சோறும் ஒன்றாக வேகும், எல்லா மீனுக்கும் ஒன்றாக நோய் வராது. ஒரு குளத்து மீனில் நூற்றுக்கு ஐந்துக்கு வைரஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மீனை எடுத்தால் அது நோயற்றதாக இருக்க 95 சதவீத வாய்ப்பு. ‘நோய் இல்லை’ என்று நாம் ஏமாந்துபோக 95 சதவீத வாய்ப்பு என்று அதையே திருப்பிச் சொல்லலாம். அறுபது மீனை எடுத்தால்? 0.95-ஐ அறுபது முறை பெருக்குங்கள். 4.6 சதவீதம் வரும். அதாவது அறுபதில் ஒன்றிலாவது நோய் சிக்க 95 சதவீதத்துக்குச் சற்று மேலான வாய்ப்பு. அதனால்தான் மீன்நலப் பரிசோதனைகளில் அறுபது என்ற எண் அடிக்கடி வருகிறது. நோய் நூற்றில் இரண்டு மீனுக்கு மட்டும் இருந்தால் அதே உறுதி கிடைக்க 150 மீன் வேண்டும்.

சரி, அறுபது சின்ன மீன் பெரிய நஷ்டமா? மீனின் விலை ஒன்றுமில்லை. ஆய்வகக் கட்டணமும் காத்திருப்பும்தான் கடிக்கின்றன. வைரஸை உயிரணுக்களில் வளர்த்துப் பார்க்கும் முறையில் முடிவு வர நான்கு வாரம் வரை ஆகும். பண்ணைக்காரர் இதைச் சமாளித்துவிடுவார். அவருடைய மீன் குளத்தில்தான் இருக்கிறது, வெளியிலிருந்து புது மீன் சேராத வரை ஒரு முறை எடுத்த சான்று சில காலம் தாங்கும். ஓடையில் பொறிவைத்துப் பிடிக்கிறவரின் நிலைமை வேறு. இன்று ஓர் ஓடை, நாளை ஓர் ஏரி. ஒவ்வொரு பிடியும் புதுத் தொகுதி, ஒவ்வொன்றுக்கும் புதுப் பரிசோதனை. நான்கு வாரம் அந்த மீனைத் தொட்டியில் உயிரோடு வைத்துச் சோறு போட வேண்டும். எமரால்டு ஷைனர் போன்ற நோஞ்சான் மீன் அதுவரை தாங்குமா என்பதே சந்தேகம். மனைவி மக்களோடு சேர்ந்து செய்யும் சின்ன வியாபாரம் இதில் அடிபட்டுப் போகும் என்று அவர்கள் சொன்னது மிகைப்படுத்தல் இல்லை.

நியூயார்க் மாநிலம் போட்ட விதியைப் பாருங்கள். சோதித்துச் சான்றிதழ் பெற்ற மீனை எங்கேயும் பயன்படுத்தலாம். சான்றிதழ் இல்லாத மீனை, எந்த நீர்நிலைக் கரையில் விற்கிறார்களோ அதே நீர்நிலையில் மட்டும் பயன்படுத்தலாம். வாங்கியவர் ரசீதைப் பையில் வைத்திருக்க வேண்டும். தானே பிடித்த இரைமீனை வண்டியில் ஏற்றி வேறு ஏரிக்குக் கொண்டுபோகவே கூடாது. ஒரு டஜன் சின்ன மீனுக்கு ரசீதா என்று தூண்டில்காரர்கள் சிரித்தார்கள், பிறகு எரிச்சல்பட்டார்கள். ஆனால் கொஞ்சம் யோசித்தால், பிடித்த நீர்நிலையை விட்டு மீன் வேறெங்கும் போகக் கூடாது என்பதுதான் இந்த விதியின் சாரம். அந்தச் சாரத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 2011-இல், ஈரி ஏரி, நயாகரா, ஹட்சன் ஆற்றுப் பகுதிகளில் குறிப்பிட்ட தடங்களுக்குள் மட்டும் சொந்தப் பிடி மீனை வண்டியில் கொண்டுபோகலாம் என்று தளர்த்தினார்கள். நடைமுறை தெரிந்தவர்களிடம் தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் அப்போதே செய்திருக்கலாம்.

ஆர்கன்சாவின் கோபம்

காட்டு மீன் பிடிப்பவரின் குறை ஒரு மாதிரி என்றால், பண்ணைக்காரரின் குறை இன்னொரு மாதிரி. ஆர்கன்சாவில் விஎச்எஸ் கண்டறியப்படவே இல்லை. கோடையில் கொதிக்கும் அந்தக் குளங்கள் இந்த வைரஸுக்குப் பிடித்த இடமும் இல்லை. ‘நோய் உங்கள் ஏரியில், சான்றிதழ் எங்கள் மீனுக்கா?’ என்பது அவர்கள் கேள்வி. மாநிலமே நடத்தும் சான்றளிப்புத் திட்டத்தின்கீழ் நோய்க்கும், வேண்டாத இனங்கள் கலந்திருக்கின்றனவா என்பதற்கும் சோதித்துத்தான் மீனை அனுப்புகிறார்கள். அப்படியும் ஒரு மாநிலம் ஏற்கும் சான்றை இன்னொரு மாநிலம் ஏற்காது. ஒன்று இந்த நோய்களுக்குச் சோதி என்னும், அடுத்தது வேறு பட்டியல் நீட்டும். ஒன்றில் அனுமதித்த இனம் மற்றதில் தடை. ஒரே லாரி மூன்று மாநிலக் கடைகளில் மீன் இறக்குவதானால் மூன்று விதக் காகிதம்.

இதற்கு மேல் லேசி சட்டம். வேட்டையாடிய பறவைகளைக் களவாக விற்பதைத் தடுக்க 1900-இல் வந்த சட்டம் அது, பின்னால் மீன்களுக்கும் விரிந்தது. ஒரு மாநிலத்தின் விதியை மீறிய உயிரினத்தை எல்லை தாண்டிக் கடத்தினால் அது மத்தியக் குற்றமாகவும் மாறிவிடும். பல்லாயிரம் மீன் உள்ள தொட்டியில் தடைசெய்த இனம் ஒன்றிரண்டு தப்பித் தவறி இருந்தால், சில நூறு டாலர் அபராதமாக முடிய வேண்டியது கூட்டாட்சி வழக்காகிவிடுமோ என்ற பயம் லாரியோடு கூடவே போகிறது. இந்தப் பயத்திலேயே சில மாநிலச் சந்தைகளை விட்டுவிட்டவர்கள் உண்டு.

இந்தப் பண்ணைகளின் செலவுகளை ஆராய்ந்து ஜோனதன் வான் சென்டன், கரோல் எங்கிள் இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரைமீன், விளையாட்டு மீன் பண்ணைகளின் மொத்தச் செலவில் ஏறக்குறையக் கால்வாசி சட்டங்களுக்குக் கட்டுப்படுவதில் போகிறது என்று அது காட்டியது. உரிமக் கட்டணம் அதில் மிகச் சின்னத் துளி. பெரும்பகுதி கைவிட்டுப் போன சந்தைகள், பரிசோதனை, அதற்கான ஆள்கூலி. ஏக்கர் கணக்கில் பார்த்தால் சுமை அதிகம் விழுவது சின்னப் பண்ணைகள் மீது. ‘கட்டணம் அற்பம்தானே, ஏன் புலம்புகிறார்கள்’ என்று கேட்கும் அதிகாரிகளுக்கு இந்தக் கணக்கு பதில் சொல்லும்.

மறுபக்கமும் கேட்க வேண்டும். வைரஸ் பரவியதில் இரைமீனின் பங்கு எவ்வளவு என்று அறுதியிட்டுச் சொல்ல முடிவதில்லை. கப்பல்களின் சமநிலை நீர், படகுகள், தானாக நீந்திப்போகும் மீன்கள் என்று வழிகள் பல. வியாபாரிகள் இதைத்தான் பிடித்துக்கொண்டு ‘முதலில் நிரூபியுங்கள்’ என்கிறார்கள். நிரூபணம் வரும்வரை காத்திருந்தால் ஏரி போய்விடும் என்று உயிரியலாளர்கள் சொல்வதைத் தட்ட முடியாது. பண்ணையில் நோய் வந்தால் குளத்தை வற்றவிட்டுச் சுத்தம் செய்யலாம், ஏரியில் வந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. எனக்கு உறுத்துவது வேறு. ஏரியில் வாளியைக் கவிழ்க்கிறவர் தூண்டில்காரர். அவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், எல்லோரையும் கண்காணிக்க முடியாது. முகவரியும் உரிமமும் உள்ளவர் கடைக்காரரும் பண்ணைக்காரரும்தான், அதனால் சட்டம் அவர்கள் கதவைத் தட்டுகிறது. நிர்வாகத்துக்கு அது வசதி. ஆபத்து இருக்கும் இடமும் அதுதானா என்றால், பாதிதான் ஆம்.

வேறு வழி தேடியவர்களும் உண்டு. விண்வெளி வீரர்களின் உணவைப் பாதுகாக்க 1960-களில் உருவான ஒரு முறை உணவு ஆலைகளில் இன்று எங்கும் இருக்கிறது. கடைசியில் சோதிப்பதைவிட, தவறு நேரக்கூடிய ஒவ்வொரு படியையும் அடையாளம் கண்டு அங்கேயே தடுப்பது. மின்னசோட்டா, மிச்சிகன் மாநிலங்களில் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நீர்வளப் பணி செய்யும் சீ கிராண்ட் அமைப்புகள் இதை இரை வியாபாரத்துக்கு ஏற்ப மாற்றிப் பயிற்சி கொடுத்தன. எந்த ஏரியில் பிடிப்பது, வலையை எப்படி உலர்த்துவது, பிரித்தெடுக்கும்போது எந்த மீனைத் தூக்கியெறிவது என்று வியாபாரியே எழுதிவைத்துச் செய்வார். கட்டாயமில்லாததால் ஒழுங்கானவர்கள்தான் வருவார்கள் என்பது இதன் பலவீனம்.

மத்திய வேளாண் துறை தன் விஎச்எஸ் ஆணையை 2014-இல் விலக்கிக்கொண்டது. மாநிலங்களின் விதிகளே போதும் என்பது காரணம். சட்டம் குறைந்துவிட்டதே, வியாபாரிகளுக்கு நிம்மதிதானே என்று தோன்றும். மாநிலத்துக்கு ஒரு விதி என்ற பழைய தலைவலி அப்படியேதான் இருக்கிறது. மின்னசோட்டா உயிருள்ள மின்னோ வகை இரைமீன்களை வெளியிலிருந்து கொண்டுவரவே அனுமதிப்பதில்லை. உள்ளூர்ப் பிடியும் அயல் இனமான வரிக்குதிரைச் சிப்பி பரவிய ஏரிகளில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. பனிக்காலத்தில் கோல்டன் ஷைனருக்குத் தட்டுப்பாடு வரும்போதெல்லாம், ஆர்கன்சாவிலிருந்து கொண்டுவர விடுங்கள் என்ற கோரிக்கையும் கூடவே வருகிறது. மாநிலத்தின் இயற்கை வளத் துறை இசையவில்லை.

டொராண்டோ பக்கம் இருந்துகொண்டு வார இறுதியில் தூண்டிலோடு கிளம்பும் நம்மவர்கள் நிறைய. அவர்களுக்காக ஒன்டாரியோ விதியையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜனவரி 1 முதல் மாகாணத்தை நான்கு இரை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இரைமீனையும் அட்டையையும் மண்டலம் விட்டு மண்டலம் கொண்டுபோகக் கூடாது. வீடு இருக்கும் மண்டலத்துக்கு வெளியே போனால் அங்கேயே வாங்கி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், வாங்கிய இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கையில் 120 இரைமீனுக்கு மேல் இருக்கக் கூடாது. அமெரிக்காவிலிருந்து உயிர் மீனை இரையாகக் கொண்டுவருவது குற்றம். மிச்ச மீனையோ வாளித் தண்ணீரையோ நீர்நிலையில் மட்டுமல்ல, அதிலிருந்து 30 மீட்டருக்குள்ளும் கொட்டக் கூடாது. தள்ளிப் போய்த் தரையில் கொட்டுங்கள்.